பெரியநாயகி மகளின் வலது கை

எல்லாப் பிள்ளைகளும் கையை மூடிக்கொண்டுதான் பிறக்கும். மூன்றாம் மாதம் நான்காம் மாதம் தானாக விரித்துவிடும். பெரியநாயகியின் மகள் அபிநயா இடது கையை விரித்தாள், வலது கையை விரிக்கவில்லை. கட்டை விரல் உள்ளே, மற்ற நாலு விரலும் அதன் மேலே. குளிப்பாட்டும்போது அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் உள்ளங்கையைக் கழுவ வேண்டும். விட்டால் மறுபடி மூடிக்கொள்ளும். ஏழு வயது வரைக்கும் இதே கதைதான்.

பெரியநாயகி எனக்கு மருமகள் முறை. அவள் அப்பன் குழந்தைவேல் என் சித்தப்பா மகன். ராசிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு அவனுடையது. அவனுக்கு இரண்டு மக்கள். மூத்தவன் தனசேகர், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். இளையவள் பெரியநாயகி. இவளைக் குமாரபாளையத்தில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் ரமேஷ்குமார் வடக்கே லாரி ஓட்டுகிறான், மாதத்தில் ஐந்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம்.

பெரியநாயகி விசைத்தறிப் பட்டறைக்குப் போகிறவள். சேர்ந்த புதிதில் முதலாளி அவளுக்கு இரண்டு தறிதான் கொடுத்தார். பொம்பளைக்கு அதுவே அதிகம் என்றாராம். ஒருநாள் பக்கத்துத் தறிக்காரன் வரவில்லை. இவள் யாரையும் கேட்காமல் அவன் தறிகள் இரண்டையும் ஓட்டிவிட்டாள். சாயங்காலம் முதலாளி வந்து துணியைப் புரட்டிப் பார்த்தார். ஒரு இழை கூடத் தப்பவில்லை. மறுநாளிலிருந்து நாலு தறி. அவ்வளவு வைராக்கியக்காரி. அந்த வைராக்கியம் அவளுக்கு நல்லதும் செய்தது, கெட்டதும் செய்தது.

கெட்டது எப்படி என்றால், தனசேகர் ராசிபுரத்தில் புது வீடு கட்டிப் புண்ணியாசனை வைத்தான். அப்போது அபிநயாவுக்கு மூன்று வயது. பந்தியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை இடது கையால் சோற்றை அள்ளித் தின்றது. வேறு கை அதற்கு ஏது. பக்கத்து இலை கந்தம்மாளுடையது. கந்தம்மாள் தனசேகரின் மாமியார். இலையைப் பிடித்து ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டு, “பீச்சாங்கையில பெசையற புள்ளைக்குப் பக்கத்துல எப்பிடிச் சோறு எறங்கும்” என்றாள்.

அதைக்கூடப் பெரியநாயகி பொறுத்திருப்பாள். பரிமாறிக்கொண்டிருந்த தனசேகர் அதைக் கேட்டுவிட்டு, மாமியாரை ஒன்றும் சொல்லாமல், தங்கையைப் பார்த்து, “அந்தக் கையைக் கட்டிப் போட்டுப் பழக்கக் கூடாதா அம்மிணி, நாலு பேரு பாக்கறாங்கல்ல” என்றான்.

பெரியநாயகி இலையை மூடவில்லை. அப்படியே எழுந்தாள். பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். “என்ற மக என்னைக்கு வலது கையில எடுத்துத் திங்கறாளோ, அன்னைக்குத்தான் இனி நான் எந்தப் பந்தியிலும் உக்காருவேன் அத்தை” என்றாள். அதற்குப் பிறகு நாலு வருஷம் அண்ணன் வீட்டுப் படியை அவள் மிதிக்கவில்லை. கல்யாணத்துக்குப் போனாலும் மொய் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள், சாப்பிட மாட்டாள்.

இந்தப் பகையில் இன்னொன்றும் மாட்டிக்கொண்டது. பிள்ளைக்கு முதல் மொட்டை போடவில்லை. எங்களில் முதல் மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில் வைத்துத்தான். அதுவும் ஒற்றைப்படை வயதில். ஒரு வயதில் போட இருந்தார்கள், பிள்ளைக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது. மூன்றில் இந்தச் சண்டை. ஐந்தில் அண்ணனைக் கூப்பிட மாட்டேன் என்றாள் இவள், கூப்பிடாமல் வரமாட்டேன் என்றான் அவன். ஏழு வயதில் அபிநயாவின் தலைமுடி, பிறந்த முடி, கத்தி படாமல் சுருண்டு சிக்குப் பிடித்து ஒரு கூடை அளவுக்கு இருந்தது.

அபிநயா படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு மாதம் ஒருமுறை சௌமியா என்று ஒரு பிசியோதெரபிப் பெண் வருவாள். சின்ன வயசு, வாய் ஓயாமல் பேசுவாள். அவள்தான் அந்தச் சித்திரை மாதம் வீட்டுக்கு வந்து சொன்னாள். தான் வேலை பார்க்கும் சேலம் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ஆறு பிள்ளைகளுக்கு ஒரு சிகிச்சை கொடுத்துப் பார்க்கப்போகிறார், ஊசி கிடையாது, ஆபரேஷன் கிடையாது, தலையில் ஈரப் பஞ்சு வைத்து ரொம்பக் கொஞ்சமாகக் கரண்ட் விடுவது, கூடவே கைக்குப் பயிற்சி, பத்து நாள். அபிநயா பெயரைக் கொடுக்கட்டுமா என்றாள்.

டாக்டரம்மாவைப் பார்க்க நானும் போனேன். பிள்ளைக்கு வலிப்பு கடைசியாக எப்போது வந்தது, தூக்கம் எப்படி என்று எல்லாம் கேட்டார். தலையில் ஒயர் ஒட்டி ஒரு படமும் எடுத்துப் பார்த்தார். பிறகு பெரியநாயகியை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார்.

“மூளைக்கு ரெண்டு பக்கம்மா. இடது பக்கம் வலது கையைப் பாத்துக்கும். வலது பக்கம் இடது கையைப் பாத்துக்கும். உங்க பொண்ணு எட்டாம் மாசத்துல பொறந்தப்ப இடது பக்கம் அடிபட்டிருக்கு. அது மெதுவாத்தான் பேசுது. நல்லா இருக்கற வலது பக்கம் சத்தமாப் பேசி அதை இன்னும் அமுக்கிடுது. நாங்க செய்யறது, சத்தம் போடற பக்கத்தைக் கொஞ்ச நேரம் அடக்கி வெக்கிறது. அந்த நேரத்துல வலது கைக்கு வேலை குடுக்கறது.”

பெரியநாயகி கேட்டாள். “பட்டறையில நாலு தறி ஓடறப்ப ஒரு தறியில இழை அறுந்தாக் கேக்காதுங்க. மத்த மூணையும் நிறுத்தினாத்தான் கேக்கும். அப்பிடிங்களா?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “அப்பிடியேதான். ஆனா ஒண்ணு. இது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. சில பிள்ளைங்களுக்குக் கேக்குது, சில பிள்ளைங்களுக்குக் கேக்கலை. நான் உறுதி குடுக்க மாட்டேன்.”

“உறுதி குடுத்தவங்க நெறையப் பேரு பாத்தாச்சுங்க. நீங்க குடுக்காததே பரவால்ல” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். ரமேஷ்குமாரிடம் போனில் கேட்டதற்கு, நாக்பூர்ப் பக்கம் எங்கோ நின்றுகொண்டு, “நீ பாத்தாச் செரி” என்று சொல்லி வைத்துவிட்டான்.

புதன்கிழமை முதல் நாள். துணைக்கு நானும் குமாரபாளையத்தில் தங்கியிருந்தேன். வரிசையில் நாங்கள்தான் முன்னால். சௌமியா ஈரப் பஞ்சை எடுத்துக்கொண்டு வந்து அபிநயாவின் தலையில் கை வைத்தாள். வைத்த கையை எடுத்துப் பார்த்தாள். விரலிலிருந்து எண்ணெய் ஒழுகியது.

“என்னங்கக்கா இது?”

“வெளக்கெண்ணெய். கரண்ட் வெச்சா தலை சூடேறுமில்ல? அதான் காத்தால நல்லா ஊற வெச்சுக் கூட்டியாந்தேன்.”

“எவ்வளவு வெச்சீங்க?”

“அரைக்கால் லிட்டரு இருக்கும்” என்றாள் பெரியநாயகி. கூடக் கொஞ்சம் ஊற்றும்படி சொன்னவள் நான்தான். அதை நான் அங்கே சொல்லவில்லை.

எண்ணெய் இருந்தால் கரண்ட் தோலுக்குப் போகாதாம். செல்போன் அளவுக்கு ஒரு சின்ன டப்பா, அதில் சிவப்பு விளக்கு எரிந்து கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அரப்புப் போட்டு நாலு தரம் தேய்த்தோம். பிள்ளை கண் எரிகிறது என்று ஊரைக் கூட்டியது. மறுநாள் எண்ணெய் போயிருந்தது. ஆனால் முடி போகவில்லையே. சௌமியா சீப்பை வைத்து வகிடு எடுக்கப் பார்த்தாள். பிறந்த முடி, ஏழு வருஷச் சிக்கு, சீப்பின் இரண்டு பல் ஒடிந்தது. பஞ்சு தோலைத் தொடவே இல்லை. மறுபடியும் சிவப்பு விளக்கு.

“இவ்வளவு அடர்த்தியா இருந்தா ஒண்ணும் பண்ண முடியாதுங்கக்கா. முடியை எடுத்துட்டு வந்திருங்க. ஒரு நிமிச வேலை” என்றாள் சௌமியா.

“ஒரு நிமிச வேலை இல்லம்மா அது” என்றாள் பெரியநாயகி.

சௌமியாவுக்குப் புரியவில்லை. நான்தான் விளக்கிச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “திங்கக்கெழமை ஆரம்பிச்சாத்தான் பத்து நாள் முடியும். அதுக்கப்புறம் இந்த மெஷினு வேற ஊருக்குப் போயிரும். திங்கக்கெழமை வரலைன்னா அடுத்த பிள்ளையை எடுத்துக்குவாங்க. வெளிய ஒரு பொண்ணு ரெண்டு மாசமாக் காத்திருக்கு.”

ஆஸ்பத்திரி வாசலில் குமாரபாளையத்துக்குப் போகும் பஸ் நின்றுகொண்டிருந்தது. பெரியநாயகி அதில் ஏறவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ராசிபுரம் பஸ்ஸில் ஏறினாள். மல்லூர் தாண்டும்போது, “அவன் காலுல உழச் சொன்னாலும் உழுந்தர்றேன் அத்தை” என்றாள். நாலு தறிக்காரி வாயிலிருந்து வந்த வார்த்தை அது.

தனசேகர் கடையில் ஒரு பம்ப்செட் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். கடைக்குப் பின்னாலேயே வீடு. தங்கையைப் பார்த்ததும் கை நின்றது. ஆனால் கம்பியை விடவில்லை.

“வழி தவறி வந்துட்டியா அம்மிணி?”

“தவறலை. உன்ற மடி கேட்டு வந்தேன். சோறு கேட்டு வரலை.”

விஷயத்தைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் மொட்டை போட வேண்டும், திங்கட்கிழமை சிகிச்சை என்று சொன்னாள். தனசேகர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். முகம் கறுத்துவிட்டது.

“கேள்விப்பட்டேன். கொழந்தை தலையில கரண்ட் உடப்போறாங்களாமே. நான் இருபத்தஞ்சு வருசமா கரண்ட்ல கெடக்கறவன். ரெண்டு தரம் என்னையத் தூக்கி எறிஞ்சிருக்குது. அது என்ன பண்ணும்னு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? அதுக்கு நான் மடி குடுக்கணுமா? மாட்டேன்.”

அப்போதுதான் கந்தம்மாள் உள்ளே இருந்து வந்தாள். “மூணு வருசம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனவ, காரியம்னதும் வந்துட்டா பாரு” என்றாள்.

“நாலு வருசமுங்க. எண்ணிட்டுத்தான் இருக்கேன்” என்றாள் பெரியநாயகி.

“எண்ணத் தெரியுது. இந்த வெயில்ல புள்ளையத் தூக்கிட்டு அலையக் கூடாதுன்னு தெரியலை. மூஞ்சி வாடிக் கெடக்குது பாரு” என்று சொல்லிக்கொண்டே கந்தம்மாள் உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து அபிநயாவிடம் நீட்டினாள். பிள்ளை வழக்கம்போல இடது கையை நீட்டியது. நீட்டிவிட்டு அம்மாவைப் பார்த்தது. பிறகு அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மூடிய வலது கையை நீட்டியது. டம்ளர் அந்த முஷ்டியில் நிற்குமா? மோரெல்லாம் தரையில்.

யாரும் அந்தக் குழந்தைக்கு அப்படிச் செய்யச் சொல்லித்தரவில்லை. அது தானாகக் கற்றுக்கொண்ட பயம். தனசேகர் அதைப் பார்த்தான். பிள்ளையின் மறைத்த கையைப் பார்த்தான், கொட்டிக் கிடந்த மோரைப் பார்த்தான்.

“அந்த மெஷினை நான் பாக்கோணும்” என்றான் கடைசியில். “என்ற மீட்டர் வெச்சுப் பாப்பேன். பாத்து எனக்குத் திருப்தியானா மடி குடுக்கறேன். இல்லைன்னா நீ என்னைய வெட்டிப் போட்டாலும் இல்லை.”

சனிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்கு மீட்டரோடு வந்துவிட்டான். மோட்டாருக்கு வைத்துப் பார்க்கிற மஞ்சள் மீட்டர், கறுப்பு ஒயர், சிவப்பு ஒயர். வாசலில் காவலுக்கு இருந்தவர் ஆஸ்பத்திரியில் ஒயர் வேலை செய்ய வந்த ஆள் என்று நினைத்து, மாடியில் மின்விசிறி சுற்றவில்லை, அதையும் பார்த்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்வார் என்று நான் பயந்தேன். கோபிக்கவில்லை. “பாக்கட்டும். கேக்கறவங்க கேக்கறதுதான் நல்லது” என்றார். சௌமியா டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு சின்ன பேட்டரி. தனசேகர் அதை எடுத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினான்.

“லைன் கரண்ட் இல்லியா?”

“சுவத்துல சொருகறதே இல்லைங்கண்ணா. பேட்டரிதான்.”

அவனுடைய முன்கையில் இரண்டு ஈரப் பஞ்சையும் வைத்துக் கட்டினாள். அவன் மீட்டரை நடுவில் இணைத்தான். சௌமியா மெல்ல மெல்லக் கூட்டினாள். தனசேகர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு நிமிஷம் கழித்துக் கேட்டான்.

“எப்ப ஆரம்பிப்பீங்க?”

“ஆரம்பிச்சு ஒரு நிமிசமாச்சுங்கண்ணா. மீட்டரைப் பாருங்க.”

மீட்டரைப் பார்த்தான். ஒரு மில்லி ஆம்பியர். மீட்டரைத் தட்டிப் பார்த்தான், மறுபடி பார்த்தான். “எறும்பு ஊர்ற மாதிரிதான் இருக்குது” என்றான். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

பிறகு சிகிச்சை எப்படி நடக்கும் என்று சௌமியா சொன்னாள். இருபது நிமிஷம் தலையில் பஞ்சு. அப்போதும் அதற்குப் பிறகு ஒரு மணி நேரமும் இடது கைக்கு உறை மாட்டிக் கட்டிவிடுவார்கள், எல்லா வேலையும் வலது கைதான் செய்ய வேண்டும். இதைக் கேட்டதும் தனசேகர் தங்கை பக்கம் திரும்பினான்.

“பாத்தியா அம்மிணி. நாலு வருசத்துக்கு முன்னால நானும் இதைத்தான சொன்னேன், கையைக் கட்டுன்னு. அதுக்கு எந்திரிச்சுப் போனியே.”

“நீ நாலு பேரு பாக்கறாங்கன்னு கட்டச் சொன்ன. இவங்க வலது கைக்கு வழி உடறதுக்குக் கட்டறாங்க. ரெண்டும் ஒண்ணா அண்ணா?”

தனசேகர் மீட்டர் ஒயரைச் சுற்றிப் பையில் வைத்தான். வைத்துவிட்டு, “காத்தால ஆறு மணிக்குக் கோயிலுக்கு வந்திரு. மொட்டை நாளைக்கு. காதுகுத்து, விருந்து எல்லாம் கை தெறந்தப்புறம்” என்றான். கை திறந்தால் என்று அவன் சொல்லவில்லை. திறந்தப்புறம் என்றான். அண்ணனும் தங்கையும் ஒரே வார்ப்பு.

ஞாயிற்றுக்கிழமை குலதெய்வம் கோயிலில் நாங்கள் பத்துப் பேர்தான். சௌமியா இரண்டு விஷயம் சொல்லியிருந்தாள். தலையில் ஒரு கீறல் விழக்கூடாது, விழுந்தால் பஞ்சு வைக்கிற இடம் புண்ணாகிவிடும். சந்தனம் பூசக்கூடாது. தனசேகர் பட்டு வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து மருமகளை மடியில் வைத்துக்கொண்டான். முடி எடுக்கும் காத்தானிடம், “கீறாம எடுங்கண்ணா. ஒரு கீறு உழுந்தா அஞ்சு வருசம் பேச மாட்டேன்” என்றான்.

“நாலு வருசம்தான் உங்க ஊட்டுக் கணக்குன்னு சொன்னாங்க” என்றான் காத்தான்.

முக்கால் மணி நேரம் எடுத்தான். ஒரு கீறல் இல்லை. கந்தம்மாள் கிண்ணம் நிறையச் சந்தனம் கரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தனசேகர் கிண்ணத்தை வாங்கி, ஒரு விரலில் தொட்டு, பிள்ளையின் நெற்றியில் மட்டும் வைத்தான். “மொட்டை போட்ட தலைக்குச் சந்தனம் இல்லாம எங்காவது உண்டா?” என்றாள் கந்தம்மாள். “உண்டு அத்தை. கரண்ட்டு வேலைக்கு ஈரம் படாம இருக்கோணும்” என்று ஏதோ சொல்லி வாயடைத்தான். பஞ்சே ஈரம்தான் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை பச்சை விளக்கு எரிந்தது.

உடனே கை விரிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். முதல் நாலு நாள் ஒன்றுமே இல்லை. தலையில் அரிக்கிறது என்பாள், பிறகு மறந்துவிடுவாள். அழுகையெல்லாம் உறை மாட்டிய இடது கைக்குத்தான். அந்த உறையாலேயே சௌமியாவை இரண்டு அடி அடித்தாள். “அடி, ஆனா வலது கையில அடி” என்பாள் சௌமியா. பெரியநாயகி பட்டறையிலிருந்து நூல் தீர்ந்த வெறும் கட்டைகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். ஒரு கூடையிலிருந்து எடுத்து இன்னொரு கூடையில் போட வேண்டும். அபிநயா முஷ்டியால் கட்டையைத் தள்ளுவாள், உருட்டுவாள், தாடையால் பிடித்துப் பார்ப்பாள். எடுக்க முடியாது. ஒரு மணி நேரத்தில் ஒரு கட்டை கூடக் கூடை மாறவில்லை.

பக்கத்தில் ஆத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் மூன்றாம் நாளே பந்தைப் பிடித்தான். பெரியநாயகி அவன் அம்மாவுக்காகச் சந்தோஷப்பட்டாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆறாம் நாள். நான் சுவரோரம் உட்கார்ந்து அசந்துவிட்டேன். “அத்தை” என்று பெரியநாயகி என் முழங்காலைப் பிடித்து நசுக்கினாள். பார்த்தேன். அபிநயாவின் கை கட்டை மேல் கிடக்கிறது. கட்டை விரல் வெளியே இருக்கிறது. ஏழு வருஷமாக உள்ளே கிடந்து வெளுத்துப்போன விரல், கிழங்கு முளை விட்ட மாதிரி வெளியே வந்து நடுங்கிக்கொண்டிருந்தது. நாலு விரலும் ஒரு பக்கம், கட்டை விரல் ஒரு பக்கம், நடுவில் மரக்கட்டை. தூக்கினாள். ஒரு சாண் உயரம். கூடைக்கு வெளியேதான் விழுந்தது. பரவாயில்லை, யார் பார்த்தார்கள் கூடையை.

“மறுக்கா” என்றாள் அபிநயா. அவளாகவே சொன்னாள்.

பத்தாம் நாள் டாக்டரம்மா கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு எண்ணினார். ஒரு நிமிஷத்தில் ஏழு கட்டை. முதல் நாள் பூஜ்யம். ஆறு பிள்ளைகளில் நாலு பேருக்கு நல்ல மாற்றம், ஒரு பிள்ளைக்குக் கொஞ்சம், ஒன்றுக்கு ஒன்றுமே இல்லை. அந்தப் பிள்ளையின் அம்மா குடும்பத்தோடு போன பிறகும் பெரியநாயகி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கரண்ட் கதவைத் தொறந்துதான் விட்டிருக்கு” என்றார் டாக்டரம்மா. “நடக்கறது உங்க வேலை. தினம் ஒரு மணி நேரம். விட்டா மறுபடி மடங்கிரும்.”

விடுகிறவளா அவள். வைகாசியிலிருந்து மார்கழி வரைக்கும் எட்டு மாதம். காலையில் பட்டறைக்குப் போகிறதுக்கு முன்னால் அரை மணி நேரம், வந்த பிறகு அரை மணி நேரம். பிள்ளையின் இடது கையில் ரமேஷ்குமாரின் பழைய காலுறையை மாட்டிக் கட்டுவாள். அபிநயா கடலை பொறுக்கினாள், பட்டாணி பொறுக்கினாள், பொட்டு ஒட்டினாள், பொட்டு பிய்த்தாள். ரமேஷ்குமார் வடக்கேயிருந்து வந்தால் மகள் எதிரே உட்கார்ந்து வலது கையால் முறுக்கு பிடுங்கும் போட்டி. அவன் தோற்றுக்கொண்டே இருப்பான். சளி பிடித்து ஒரு வாரம் விட்டால் விரல் மறுபடி உள்ளே சுருளும். மறுநாள் மறுபடி கடலைத் தட்டு.

ஐப்பசியில் ஒருநாள் எனக்குப் போன் வந்தது. “அத்தை, இன்னைக்கு தோசையைப் பிச்சு வாயில வெச்சா. வலது கையில. ஊட்டுக்கு வந்து பாக்கறீங்களா?” நான் அன்றைக்கே பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால், தோசையில் பாதி மடியில். வாய்க்குப் போனது மீதிப் பாதி. அம்மாவும் மகளும் அந்தப் பாதியைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். பந்தியில் உட்காருவதை மட்டும் பெரியநாயகி காதுகுத்துக்குத் தள்ளி வைத்திருந்தாள்.

தை மாதம் காதுகுத்து. மாசியில்தான் பிள்ளைக்கு எட்டு பிறக்கிறது, அதனால் ஒற்றைப்படை இன்னும் கையில் இருந்தது. தனசேகர் சீர்த்தட்டு பதினொன்று எடுத்து வந்தான். தோடு அவனே பார்த்துப் பார்த்து வாங்கியது. மாமன் மடியில் உட்கார்ந்து பிள்ளை காது குத்தும்போது அழவில்லை. சண்டைக்காரியின் மகள்.

விருந்து மண்டபத்தில். முதல் பந்திக்கு நாற்பது இலை போட்டாயிற்று. தனசேகர் கரண்டியோடு உப்புப் பாத்திரத்தைத் தூக்கினான். அபிநயா வந்து அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

“நான் வெக்கிறேன் மாமா.”

“கரண்டி கனமா இருக்கும் சாமி.”

“கரண்டி வேண்டாம். கையில.”

தனசேகர் தங்கையைப் பார்த்தான். சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த பெரியநாயகி சரி என்று தலையை ஆட்டினாள். அபிநயா இடது கை இடுக்கில் பாத்திரத்தை அணைத்துக்கொண்டு, வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்தாள். இந்தச் சிட்டிகைதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்று சௌமியா சொல்லியிருந்தாள். கட்டையைப் பிடிக்கலாம், முறுக்கைப் பிடிக்கலாம், உப்பைப் பிடிக்க இரண்டு விரல் நுனியும் சந்திக்க வேண்டும். முதல் இலையில் உப்பு விழுந்தது. இலை ஓரத்தில் சரியாக இல்லை, நடுவில். அந்த இலைக்காரர் அதைத் தானே ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டார்.

இரண்டாவது இலை. மூன்றாவது. சாதக் கூடையோடு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். பிள்ளைக்கு அது எதுவும் தெரியாது. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு இலைக்கும் குனிந்து, விரலைப் பிரித்து, உப்பை விட்டு, நிமிர்ந்தாள். பதினைந்தாவது இலையில் கை களைத்து விரல் மூடிக்கொண்டது. நின்றாள். கையை ஒரு உதறு உதறினாள். மறுபடி விரித்தாள். பெரியநாயகி ஓடி வரப்போனவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

முப்பத்தொன்பதாவது இலை முடிந்தது. தனசேகர் அப்போதுதான் கண்ணைத் துடைத்தான். துடைத்துவிட்டு, “அம்மிணி, கடைசியில ஒரு இலை காலியாத்தான் இருக்குது. போய் உக்காரு” என்றான்.

பெரியநாயகி போய் உட்கார்ந்தாள். நாலே முக்கால் வருஷத்துக்குப் பிறகு ஒரு பந்தியில். அபிநயா அம்மா இலைக்கு முன்னால் வந்து நின்று, பாத்திரத்துக்குள் விரலை விட்டுத் துழாவினாள். பிறகு பாத்திரத்தைக் கவிழ்த்து மாமனிடம் காட்டினாள்.

“உப்புத் தீந்துபோச்சு மாமா. அம்மாவுக்கு வெக்கோணும். நெறையாக் கொண்டாங்க, அடுத்த பந்தி வேற இருக்குதல்ல.”